ஐம்பத்தொன்றாம் இடத்திலிருந்து வந்தவர்கள்

முதலிடம் வந்ததற்கு க்ளைவ் கேக் வாங்கி வந்தார். நாட்டில் கணக்குக் கொடுத்த ஐம்பத்து மூன்று மனநல மருத்துவமனைகளில் நாங்கள் முதலிடம். கேக்கின் மேல் பச்சை க்ரீமில் 98 என்று எழுதியிருந்தது. எல்லாரும் வெட்டிச் சாப்பிட்டார்கள். நான் மட்டும் தொடவில்லை. அந்தத் தொண்ணூற்றெட்டைக் கூட்டி வகுத்து அனுப்பிவைத்தவளே நான்தான். அது தப்பு என்பது அந்த அறையில் எனக்கும் க்ளைவுக்கும் மட்டும் தெரியும்.

என் பெயர் ஹிலரி. பென்னைன் மலையடிவாரத்தில், மழை விடாத ஓர் ஊரில், அரசு மனநல மருத்துவமனையில் பத்தொன்பது வருஷமாகப் புள்ளிவிவரம் பார்க்கிறேன். க்ளைவ் எங்கள் இயக்குநர். வருஷத்துக்கு ஒருமுறை எல்லா ஊர்க்காரர்களும் அவரவர் எண்களை ஒரே இடத்துக்கு அனுப்புவோம். அது ஒப்பீட்டு அறிக்கையாகத் திரும்பி வரும். வரைபடத்தில் ஊருக்கு ஒரு குச்சி, உயரமும் குட்டையுமாக வரிசையில் நிற்கும். குச்சிக்குக் கீழே பெயர் இருக்காது, ஒரு குறியெண்தான். ஆனாலும் எந்தக் குச்சி எந்த ஊர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு அந்த அறிக்கை பிடிக்கும். பக்கத்து ஊரில் மட்டும் ஏன் இப்படி நடப்பதில்லை என்று நம்மைக் கேட்கவைக்கிற ஒரே காகிதம் அதுதான். ஆனால் எங்கள் ஆட்கள் அதைப் பள்ளிக்கூட ரேங்க் அட்டையாக்கிவிட்டார்கள். யார் முதல், யார் கடைசி என்பதோடு படிப்பு முடிந்துவிடும். ஏன் என்று எவரும் கேட்பதில்லை.

நாங்கள் முதலிடம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில். வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய ஒருவரை மூன்று நாளுக்குள் மருத்துவமனை ஆள் யாராவது தொடர்புகொண்டாரா என்பது அது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை என்றது எங்கள் கணக்கு. வீட்டுக்குப் போன முதல் சில நாள்தான் ரொம்ப ஆபத்து. அதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படித்திருக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சனி, ஞாயிறு புதிய நோயாளிகள் வருவார்கள், படுக்கை வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை மதியம் வார்டைக் காலி செய்வார்கள். நாலு மணிக்கு பெவர்லி என்கிற நர்ஸ் போனை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிடுவாள். "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சா? நல்லா இருக்கீங்களா? ஏதாவதுன்னா கூப்பிடுங்க, என்ன?" என்பாள். ஒரு டிக். அடுத்த ஆள். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். வார்டுக்கு வெளியே வேலை பார்க்கும் எங்கள் நர்சுகளுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை.

போன ஆகஸ்டில், திங்களும் விடுமுறையாக வந்த ஒரு வெள்ளிக்கிழமை, கென்னத் சட்க்ளிஃப் என்பவரை அனுப்பினார்கள். பதினோரு வாரம் வார்டில் இருந்தவர். நாலு பத்துக்கு பெவர்லி கூப்பிட்டபோது அவர் டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தார். "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லியிருக்கிறார். டாக்ஸியில் நல்லாத்தான் இருந்திருப்பார். வீட்டில் மின்சார மீட்டரில் முன்கூட்டி ஏற்றிய பணம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. இருட்டு. ஃப்ரிட்ஜைத் திறந்தால் பதினோரு வாரத்து நாற்றம். செவ்வாய்க்கிழமை கீழ்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தபோது, மனிதர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாத்திரைப் பை ஒட்டியது பிரிக்காமல் மேசைமேல் இருந்தது. நாலு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. அன்று சாயங்காலமே அதே வார்டுக்குத் திரும்பி வந்தார்.

அவருடைய தாள் என் மேசைக்கு வந்தது. 'மூன்று நாளுக்குள் தொடர்பு: ஆம்.' அலமாரியிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்தேன். பதினாலாம் பக்கத்தில் அடிக்குறிப்பு இருந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாள் கணக்கில் சேராது, மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். நாலு வருஷமாக நான் அனுப்பும் நாளைப் பூஜ்யம் என்று வைத்து, பூஜ்யம் மூன்றுக்குள்தானே அடங்கும் என்று சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். யார் தலையிலும் கட்ட முடியாது. விதிப்படி திரும்ப எண்ணினேன். வெள்ளிக்கிழமை அழைப்புகள் எல்லாம் கழிய, தொண்ணூற்றெட்டு நாற்பத்தொன்றாகியது.

க்ளைவிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கணக்கு ஜூலையிலயே போயாச்சு ஹிலரி. அடுத்த வருஷம் சரியா எண்ணிக்கலாம்."

"அடுத்த வருஷமா? இது தப்புன்னு இப்பவே தெரியுமே."

"எல்லா ஊர்லயும் இப்படித்தான் எண்ணுவாங்க. நாம மட்டும் ஏன் அரிச்சந்திரன் வேஷம் போடணும்?"

எல்லா ஊரிலும் எப்படி எண்ணுகிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நவம்பரில் அறிக்கை வந்தது, பின்னாலேயே கேக்கும் வந்தது.

ஜனவரியில் விருந்தாளிகள் வந்தார்கள். எழுபது மைல் தள்ளி, கிழக்குக் கடற்கரையில் ஒரு ஊர். ஐம்பத்தொன்றாம் இடம், அறுபத்து நாலு சதவீதம். முதலிடத்தைப் பார்த்துப் படித்துவிட்டு வரச்சொல்லி அவர்கள் நிர்வாகக் குழு அனுப்பியிருந்தது. இரண்டு பேர். இமோஜென் அவர்களுடைய இயக்குநர், சாம்பல் நிற உடுப்பு, கையில் புது நோட்டுப் புத்தகம். இன்னொருத்தி நோரீன். ஐம்பது வயது தாண்டிய நர்ஸ், அகலமான தோள். மழைக்கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியவள்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

க்ளைவ் திரையில் படம் போட்டுக் காட்டினார். எங்கள் குச்சி மட்டும் பச்சை. "பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லைங்க. ஒழுங்கு, அவ்வளவுதான். வெள்ளி நாலு மணின்னா நாலு மணி. பெவர்லி போனை எடுத்தா எல்லாரையும் கூப்பிட்டுட்டுத்தான் மறுவேலை" என்றார். பெவர்லி சிரித்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நோரீன் கையைத் தூக்கினாள். "சனிக்கிழமை யாரு போறது?"

"எங்கே?"

"வீட்டுக்கு. கதவைத் தட்ட."

"தேவைப்படலை" என்றார் க்ளைவ். "அதான் போன்ல பேசிடறோமே."

"போன்ல 'நல்லா இருக்கேன்'னு சொல்லாதவங்களை நான் இந்த இருபத்தெட்டு வருஷத்துல பார்த்ததே இல்லையே. கரண்ட் இருக்கான்னு எப்படித் தெரியும்? அடுப்பு எரியுதான்னு? பால் இருக்கான்னு?"

பெவர்லி முகம் சிவந்துவிட்டது. "நான் கேட்கிறேங்க, ஏதாவது வேணுமான்னு..." என்று இழுத்தாள்.

"உன்னைச் சொல்லலை கண்ணு. உனக்கு இருபது நிமிஷம் கொடுத்தா நீ என்னதான் பண்ணுவ?"

அப்புறம் பேச்சுவாக்கில் அவர்கள் ஊர் முறை தெரிந்தது. சனிக்கிழமை காலை இரண்டு நர்ஸ், ஒரு கார். முந்தின நாள் வீட்டுக்குப் போன ஒவ்வொருவர் வாசலுக்கும் போவார்கள். உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு டீ குடித்து, மாத்திரைப் பையைப் பிரித்துக் காட்டச் சொல்லி, மீட்டரைப் பார்த்து, அப்புறம்தான் கிளம்புவார்கள். கதவு திறக்கவில்லையென்றால் மதியம் மறுபடி. அப்போதும் திறக்காவிட்டால் ஞாயிறு. முகத்தைப் பார்த்தால்தான் டிக். போனில் பேசினதை அவர்கள் எண்ணுவதே இல்லை. எண்ணலாம் என்று புத்தகத்திலேயே இருந்தும் எண்ணுவதில்லை. அதனால்தான் அறுபத்து நாலு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர்கள் எங்களிடம் படிக்க வந்திருக்கிறார்களாம்! நாங்கள் போய் அவர்கள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காயைப் பார்த்துக் கறி சமைக்க எழுபது மைல் வந்திருக்கிறாள் அந்த இயக்குநர் அம்மாள்.

"எண்கள் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"ஹிலரி அதையெல்லாம் மெயில்ல அனுப்பிடுவாங்க" என்றார் க்ளைவ், என்னைப் பார்க்காமலே. "வாங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

சாண்ட்விச் வைத்திருந்த அறையில் நோரீன் தனியாக ஜன்னலோரம் நின்றிருந்தாள். முட்டை சாண்ட்விச்சைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு மூடினாள். அருகில் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிக்குறிப்பு, பூஜ்யம், நாற்பத்தொன்று, கென்னத் சட்க்ளிஃப். அவள் மென்றுகொண்டே கேட்டாள்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்ற?"

"உங்களுக்குத் தெரியணும்னுதான்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? எங்க சனிக்கிழமை ரவுண்டை மார்ச்சோட நிறுத்தப் பார்க்கறாங்க. நிறுத்தினா ரெண்டு போஸ்ட்டும் காலி. முதலிடத்துல இருக்கறவங்களுக்கு அது இல்லாமலே ஓடுதாம், கடைசியில கிடக்கற நமக்கு எதுக்குங்கறாங்க. நான் வாயைத் திறந்தா, ஐம்பத்தொண்ணாவது வந்தவ சாக்கு சொல்றாம்பாங்க. தோத்தவ பேச்சு அம்பலம் ஏறாது கண்ணு. ஜெயிச்ச நீ சொல்லணும். இங்க இல்ல, அங்க கூட்டத்துல போய்ச் சொல்லு."

பத்தொன்பது வருஷத்தில் நான் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியதில்லை. எனக்கு இன்னும் ஆறு வருஷம் வேலை பாக்கி. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கூடியதும் எழுந்தேன். கோபம்தான் எழுப்பியது, தைரியம் ஒன்றும் இல்லை. என் கணினியைத் திரையில் இணைத்து, விதிப்படி எண்ணிய பட்டியலைப் போட்டேன்.

"எங்க நிஜமான எண் நாற்பத்தொண்ணு. தொண்ணூத்தெட்டு என்னோட தப்பு. நீங்க எங்களைவிட ரொம்ப மேல. சனிக்கிழமை ரவுண்டை நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு" என்றேன்.

க்ளைவ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இமோஜென் முந்திக்கொண்டாள்.

"நன்றி ஹிலரி. வெளிப்படையா சொன்னதுக்கு." நோட்டில் ஏதோ எழுதினாள். "அப்ப போனை வெள்ளிக்கிழமை பண்ணக்கூடாது. சனிக்கிழமை காலையில பண்ணா கணக்குல வரும். அப்படித்தானே?"

"கணக்குல வரும். ஆனா..."

"அது போதும்."

"நான் சொல்ல வந்தது அது இல்லைங்க. போன் வேற, நேர்ல போறது வேற."

"புரியுது. ஆனா எங்க குழு செவ்வாய்க்கிழமையே முடிவெடுத்துடுச்சு. போன் முறையை எப்படி அமைக்கறதுன்னு பார்க்கத்தான் நாங்க வந்தோம். வேணுமா வேண்டாமான்னு பார்க்க இல்லை."

நான் நோரீனைப் பார்த்தேன். அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்திருக்கிறது. முடிவெடுத்துவிட்டுத்தான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மடியிலிருந்த மழைக்கோட்டைப் பிரித்து, எழுந்து, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் போனதும் க்ளைவ் என்னைக் கூப்பிட்டார். "என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?"

"எண்ணியிருக்கேன். அதுக்குத்தானே சம்பளம்."

"இதை வெளியே யாருக்கும் அனுப்பக் கூடாது. திருத்தம் போகணும்னா என் கையெழுத்து வேணும். நான் போட மாட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிற மனிதரோடு என்ன பேசுவது. அன்று சாயங்காலமே கையெழுத்து இல்லாமல் அறிக்கை தயாரிப்பவர்களுக்குத் திருத்தத்தை அனுப்பினேன், நோரீனுக்கு ஒரு நகலோடு. அவள் அதைத் தன் நிர்வாகக் குழுவில் ஒவ்வொருவருக்கும் அனுப்பினாளாம். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி பதில் வந்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை ரவுண்டை நிறுத்தினார்கள்.

எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கிடைத்தது. திருத்திய அறிக்கை ஏப்ரலில் வந்தபோது எங்கள் குச்சி கடைசியில் நின்றது. ஐம்பத்து மூன்றில் ஐம்பத்து மூன்று. யாரும் கேக் வாங்கவில்லை. மேலிடத்திலிருந்து கடிதம்மேல் கடிதம். ஆறு மாதத்துக்குள் முன்னேற்றத் திட்டம் வேண்டும் என்றார்கள். அடிமேல் அடி விழுந்தால் அம்மியும் நகரும், க்ளைவ் நகர மாட்டாரா? எந்தச் சனிக்கிழமை நர்சைத் தேவையில்லை என்றாரோ, அந்த நர்சைக் கேட்டு விளம்பரம் கொடுத்தார். மேலிடத்துக்கு எழுதிய திட்டத்தில் அது அவர் யோசனை என்றே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

விண்ணப்பித்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி நோரீன். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. மகன் பள்ளி இறுதியாண்டு என்பதால் ஊரை விட்டு வர முடியாது, காரில் போய் வந்துவிடுவேன் என்றாள்.

ஜூனில் முதல் சனிக்கிழமை. என்னென்ன குறிக்க வேண்டும் என்று ஒரு படிவம் தயாரிக்கிற சாக்கில் நானும் அவள் காரில் ஏறிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பன்னிரண்டு வீடு. முதல் வீட்டில் ஒரு பெண்பிள்ளை, இருபது வயதிருக்கும், திரைச்சீலைகூட விலக்காமல் உட்கார்ந்திருந்தாள். நோரீன் ஒன்றும் கேட்கவில்லை. "டீ போடட்டுமா? பால் நான் கொண்டாந்திருக்கேன்" என்று நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். கால் மணி கழித்து அந்தப் பெண் தானாகவே மாத்திரைப் பையை எடுத்து வந்து வைத்தாள். என் கண் நனைந்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் எண்ணிக்கொண்டிருந்தது இதைத்தான் என்றால், இதை ஒருநாளாவது பார்த்திருக்க வேண்டாமா?

இரண்டாவது வீட்டில் கதவு திறக்கவில்லை. "மத்தியானம் வருவோம்" என்று நோரீன் நேரம் குறித்துக்கொண்டாள். காரில் ஏறினாள், ஆனால் கிளப்பவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

"உங்க ஊர்ல இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டது.

"சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஒரு பொண்ணு போன் பண்றா. ஆளுக்கு அஞ்சு நிமிஷம். நீ சொல்லிக்கொடுத்த விதிப்படி, மறுநாள்லேருந்து. ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த வருஷம் நாங்கதான் முதல்ல வருவோம், பாரு. இமோஜென் இப்பவே சொல்லிக்கிட்டுத் திரியறாளாம்."

நான் மடியிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

"காலையில ஏழு மணிக்குக் கிளம்பினேன்" என்றாள். "மெயின் ரோட்டுக்குப் போகணும்னா கிளிஃப் தெரு வழியாத்தான் வரணும். அங்க வினிஃப்ரெட்னு ஒருத்தி. ஏழு வருஷமா வார்டுக்கும் வீட்டுக்குமா அலையறா. போன் மணி அடிச்சாலே பயம், எடுக்கவே மாட்டா. வார்டுலேருந்து வந்த வாரமெல்லாம் நான்தான் போவேன். நேத்துதான் அனுப்பியிருக்காங்கபோல, எனக்குத் தெரியாது. என் காரை அவளுக்குத் தெரியும். வாசல் கேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னா. கையைக் காட்டினா."

"நிறுத்தினீங்களா?"

"எப்படி நிறுத்தறது? நான் அந்த ஊர் நர்ஸ் இல்ல இப்ப. அவ வீட்டுக்குள்ள கால் வச்சா என் நர்ஸ் லைசென்ஸ் போயிடும். இங்க பன்னிரண்டு பேர் வேற காத்திருக்காங்க." சாவியைத் திருப்பினாள். "நானும் கையைக் காட்டினேன். காட்டிட்டு வந்துட்டேன். அவ கேட்டை மூடவே இல்ல. கண்ணாடியில தெரிஞ்சுது, திருப்பம் வர்ற வரைக்கும்."

கார் கிளம்பியது. அடுத்த முகவரியை நான் படித்துச் சொன்னேன். இரண்டு தெரு தாண்டியபிறகு அவள் மறுபடி பேசினாள்.

"அடுத்த வாரத்துலேருந்து வேற ரோடு பார்க்கணும். நாலு மைல் சுத்து, பரவாயில்லை."